ஸ்கேன் மையத்தில் எண், கடையில் எண், நிவாரணத்துக்கு ஆதார்: எதை மறுக்கலாம், எதை மறுக்க முடியாது?

கேள்வி: மஞ்சக்குப்பம் ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். நான் கடலூரில் ஒரு தனியார் பள்ளியில் கணிதம் கற்பிக்கிறேன். என் தாயாருக்குச் சிறுநீரக ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னதால், அண்மையில் அவரைப் புதுச்சேரியில் உள்ள ஒரு தனியார் மையத்துக்கு அழைத்துச் சென்றேன். பதிவு செய்யும் இடத்தில் பெயர், வயது, முகவரி, இரண்டு தொலைபேசி எண்கள், ஆதார் நகல் என அனைத்தையும் கேட்டார்கள். ஆதார் எதற்கு என்று நான் கேட்டபோது, அது இல்லாமல் பதிவு செய்ய இயலாது என்று மட்டும் பதில் வந்தது.

அறிக்கை எங்கள் கைக்கு வந்த அதே வாரத்தில் டயாலிசிஸ் சலுகைத் திட்டம் என்று ஒருவரும், மருத்துவக் காப்பீடு என்று இன்னொருவரும் அழைத்தார்கள். இரண்டாவதாக அழைத்தவர் என் தாயாரின் பெயரையும் வயதையும் சொன்னதோடு, எந்த உறுப்பில் ஸ்கேன் எடுக்கப்பட்டது என்பதையும் சொன்னார். அந்த அழைப்புகளை எடுத்தவர் என் தாயார்தான். தனக்கு டயாலிசிஸ் செய்யும் அளவுக்கு நோய் முற்றிவிட்டது, பிள்ளைகள் அதை மறைக்கிறார்கள் என்று முடிவுகட்டிக்கொண்டு அவர் சரியாக உண்ணாமல், உறங்காமல் இருந்தார். மருத்துவரிடம் மீண்டும் அழைத்துச் சென்று, அப்படி எதுவும் இல்லை என்று அவர் வாயால் சொல்லவைத்த பிறகே தெளிந்தார்.

இதன் பிறகு நாங்கள் யார் யாருக்கு என்னென்ன கொடுத்திருக்கிறோம் என்று யோசித்துப் பார்த்தேன். மருந்துக் கடை, துணிக்கடை, நகைச் சீட்டு, சமையல் எரிவாயு, பள்ளி, வங்கி, தொலைபேசி நிறுவனம் என்று பட்டியல் நீள்கிறது. இவற்றுக்கு அப்பால் அரசு இருக்கிறது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெங்கல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்து, தென்பெண்ணையாற்று வெள்ளம் கடலூரைச் சூழ்ந்தபோது, நிவாரணத்துக்காக மக்கள் யார் கேட்டாலும் குடும்ப அட்டை நகலையும் ஆதார் நகலையும் நீட்டியதை நான் பார்த்தேன். அந்த நகல்கள் எங்கே போயின என்று எங்கள் தெருவில் ஒருவருக்கும் தெரியாது.

எனவே என் கேள்விகள் இவை. ஒரு தனியார் நிறுவனம் கேட்கும்போது எவற்றை நான் சட்டப்படி மறுக்கலாம்? அரசு கேட்கும்போது மறுக்க இடம் உண்டா? ஏற்கெனவே கொடுத்ததைத் திரும்பப் பெறவோ அழிக்கச் செய்யவோ வழி இருக்கிறதா? அனுபவத்திலோ தொழிலிலோ இதை அறிந்தவர்கள் விளக்கினால் எங்களைப் போன்ற பல குடும்பங்களுக்குப் பயன்படும்.


பதில்: முத்தியால்பேட்டை ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்

அம்மா, தங்கள் தாயார் பட்ட வேதனையைப் படித்து மிகவும் வருந்தினேன். நான் பணியில் இருந்த காலம் முழுவதும் வாடிக்கையாளர் ஆவணங்களைக் கையாண்டவன் என்ற முறையில், ஆதாரைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

முதலில், தனியார் ஒருவரிடம் முழு ஆதார் எண் தெரியும் நகலைக் கொடுக்க வேண்டிய தேவை பெரும்பாலான இடங்களில் இல்லை. ஆதார் ஆணையத்தின் இணையதளத்தில் மின் ஆதாரைப் பதிவிறக்கும்போது, முதல் எட்டு இலக்கங்களை மறைத்து கடைசி நான்கை மட்டும் காட்டும் வடிவத்தைத் தேர்ந்தெடுக்கலாம். நீங்கள் யார் என்று காட்டுவதற்கு அது போதும். எண்ணையே சொல்ல வேண்டிய இடங்களில், அதற்குப் பதிலாக 16 இலக்கம் கொண்ட மெய்நிகர் அடையாள எண்ணை அதே தளத்தில் உருவாக்கிக் கொடுக்கலாம். 2018 முதல் இந்த வசதி உள்ளது. அந்த எண்ணை வேண்டும்போது மாற்றிக்கொள்ளலாம், ஆதார் எண்ணை மாற்ற முடியாது. அதனால்தான் இந்த வேறுபாட்டை நான் வற்புறுத்துகிறேன்.

வங்கியிலும் இதே நிலைதான். கடவுச்சீட்டு, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் அட்டை ஆகியவையும் வங்கி ஏற்க வேண்டிய ஆவணங்களே. அரசின் மானியத்தை அந்தக் கணக்கில் பெற விரும்புகிறவருக்கு மட்டும் ஆதார் தேவைப்படும். ஆதாரை வெறும் சான்றாகக் கொடுக்கும் வாடிக்கையாளர் அதில் உள்ள எண்ணை மறைத்துக் கொடுப்பதை உறுதி செய்ய வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் வழிகாட்டுதலே சொல்கிறது. கிளையில் உள்ளவருக்கு இது தெரியாமல் இருந்தால், பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள். மேலாளரைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள்.

அடுத்து, கைரேகையைப் பூட்டி வைப்பது. தெலங்கானாவில் 2018இல் பத்திரப்பதிவு ஆவணங்களில் இருந்த கைரேகைகளைக் கொண்டு ரப்பரில் போலி விரல் அச்சுகள் செய்து, சிம் அட்டைகளைச் செயல்படுத்திய ஒருவர் பிடிபட்டார். அதே உத்தியால் வங்கிக் கணக்கிலிருந்து பணமும் எடுக்க முடியும். கைரேகை வைத்துப் பணம் பெறும் வசதிக்கு ஓடிபி தேவைப்படுவதில்லை. ஆகவே ஆதார் செயலியிலோ இணையதளத்திலோ கைரேகையையும் கண் பதிவையும் பூட்டிவிடுவது நல்லது. ஒன்றை மட்டும் நினைவில் கொள்ளுங்கள்: தமிழ்நாட்டு ரேஷன் கடைகளில் விரல் வைத்துப் பொருள் வாங்கும் குடும்ப உறுப்பினர், வாங்கும் நாளில் அதைத் தற்காலிகமாகத் திறக்க வேண்டியிருக்கும். கடைக்கு முதியவர்களை அனுப்பும் வீடுகளில் இதைச் சொல்லிக்கொடுக்காமல் பூட்டிவிட்டால் அவர்கள் வெறுங்கையோடு திரும்பி வருவார்கள்.

அந்தத் தளத்திலேயே, கடந்த ஆறு மாதங்களில் உங்கள் ஆதார் எங்கெங்கே சரிபார்க்கப்பட்டது என்ற பட்டியலும் கிடைக்கும். நான் அதை அவ்வப்போது எடுத்துப் பார்க்கிறேன். அறியாத நிறுவனத்தின் பெயர் அதில் இருந்தால் 1947 என்ற எண்ணில் புகார் செய்யலாம். உங்கள் பெயரில் எத்தனை சிம் அட்டைகள் இயங்குகின்றன என்பதை மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி இணையதளம் காட்டும். உங்களுடையது அல்லாத எண்ணை அங்கேயே மறுத்துத் தெரிவிக்கலாம்.


பதில்: திருப்பாதிரிப்புலியூர் இ-சேவை

வங்கி ஐயா சொன்னவை அனைத்தும் சரி. நான் சிறிய இணைய மையமும் ஜெராக்ஸ் கடையும் நடத்துகிறேன். பெரிய நிறுவனங்களைப் பற்றிப் பேசும்போது எங்களைப் போன்ற கடைகளை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. ஆனால் இந்த ஊரில் மிக அதிகமான ஆதார், பான், சாதிச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல் ஆகியவற்றின் படங்கள் தேங்கிக் கிடப்பது எங்கள் கணினிகளிலும் கடைத் தொலைபேசிகளிலும்தான்.

பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு மக்கள் காகிதத்தைக் கொண்டுவந்து நகல் எடுத்துச் சென்றார்கள். இப்போது, "உங்கள் வாட்ஸ்அப் எண்ணைச் சொல்லுங்கள், அனுப்புகிறேன், பிரிண்ட் போட்டுக் கொடுங்கள்" என்கிறார்கள். அனுப்பியவர் இரண்டு ரூபாயோ ஐந்து ரூபாயோ கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார். அவர் அனுப்பிய ஆதார் அட்டை கடைத் தொலைபேசியின் படத்தொகுப்பில் இருக்கிறது. அங்கிருந்து கடைக்காரரின் கூகுள் கணக்குக்குத் தானாகவே நகலாகிறது. கணினியில் வாட்ஸ்அப்பைத் திறந்து பிரிண்ட் கொடுத்திருந்தால் பதிவிறக்கக் கோப்புறையிலும் ஒன்று இருக்கிறது. அந்தத் தொலைபேசி பழுதுபார்க்கப் போகும், விற்கப்படும், கடையில் வேலை செய்யும் பையன் கையில் இருக்கும். தீய எண்ணம் உள்ள ஒருவர் அங்கே இருக்க வேண்டியதே இல்லை, கவனக்குறைவு மட்டும் போதும். மங்கலாக விழுந்த பிரிண்டுகள் பழைய காகிதத்தோடு எடைக்குப் போவதும் உண்டு. அப்படிப் போன தாளில் வடை மடித்துக் கொடுத்ததைப் பார்த்தவர்கள் இந்த மன்றத்திலேயே இருப்பார்கள்.

என் கடையில் ஒரு முறையை வைத்திருக்கிறேன். வாடிக்கையாளர் எதிரிலேயே கோப்பை அழித்து, குப்பைத் தொட்டியையும் காலி செய்து, வாட்ஸ்அப்பில் அனுப்பியவரையே "அனைவருக்கும் அழி" என்பதை அழுத்தச் சொல்கிறேன். கெட்ட பிரிண்டை அவர் கையிலேயே கொடுத்துவிடுகிறேன். நீங்கள் எந்தக் கடைக்குப் போனாலும் இதைக் கேளுங்கள். கேட்பதற்கு யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். இயன்றால் கோப்பைப் பென்டிரைவில் கொண்டு போங்கள். மின் ஆதாரைக் கடைக் கணினியில் பதிவிறக்க வேண்டியிருந்தால், அதன் கடவுச்சொல் உங்கள் பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகளும் பிறந்த ஆண்டும்தான் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பெயரும் பிறந்த ஆண்டும் அறிந்த எவரும் அதைத் திறந்துவிடலாம்.

நகலின் குறுக்கே, எழுத்துகள் மீது படும்படி, எந்த நிறுவனத்துக்கு, எந்த வேலைக்கு, எந்தத் தேதியில் கொடுக்கிறோம் என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். இது முழுப் பாதுகாப்பாகாது. ஆனாலும் வேறொரு சிம் அட்டை வாங்கவோ கடன் எடுக்கவோ அந்த நகலைப் பயன்படுத்துவது கடினமாகிவிடும்.


பதில்: நெல்லிக்குப்பம் வணிகர்

இவ்வளவு அச்சம் தேவைதானா என்று எனக்குத் தோன்றுகிறது. என்னிடம் மறைப்பதற்கு எதுவும் இல்லை. வரி கட்டுகிறேன், கடனை அடைக்கிறேன். அரசுக்கு என் விவரங்கள் தெரிந்தால்தான் எனக்கு வரவேண்டியது வரும். ஆதாரும் வங்கிக் கணக்கும் இணைந்த பிறகு இடைத்தரகர்கள் இல்லாமல் முதியோர் ஓய்வூதியம் வருவதை என் அத்தை அனுபவிக்கிறார். விளம்பர அழைப்பு வந்தால் துண்டித்துவிடலாம். இதற்காக ஒவ்வொரு கடையிலும் வாதிட்டுக்கொண்டிருக்க நேரம் இல்லாதவர்கள்தான் அதிகம்.


பதில்: கடலூர் நீதிமன்ற வழக்கறிஞர்

நெல்லிக்குப்பம் நண்பரின் கருத்தை நான் மதிக்கிறேன். ஓய்வூதியம் நேராகக் கைக்கு வருவது சிறிய செய்தி அன்று. எனினும், ஒரு வேலைக்காகக் கொடுத்த விவரம் இன்னொரு வேலைக்குப் போய்விட்டதாக எழுந்த புகாரை நாம் மிக அருகிலேயே பார்த்திருக்கிறோம். 2021 ஏப்ரல் 6 அன்று நடந்த புதுச்சேரி சட்டமன்றத் தேர்தலுக்கு முன்பு, வாக்காளர்களின் தொலைபேசிகளுக்கு வாட்ஸ்அப் குழுக்களில் சேருவதற்கான இணைப்புகள் குறுஞ்செய்தியாக வந்தன. ஆதாருடன் இணைக்கப்பட்ட எண்களுக்கே அவை வந்ததாகவும், பாரதிய ஜனதா கட்சி அந்த விவரங்களைப் பயன்படுத்தியதாகவும் குற்றம்சாட்டிச் சென்னை உயர் நீதிமன்றத்தில் பொதுநல மனு தாக்கலானது. தொண்டர்கள் வீடுவீடாகச் சென்று சேகரித்த எண்கள் அவை என்று கட்சி கூறியது. தன்னிடமிருந்து எதுவும் கசியவில்லை என்று ஆதார் ஆணையம் மறுத்தது. குற்றச்சாட்டு தீவிரமானது, அதை விசாரித்தாக வேண்டும் என்று நீதிமன்றம் கருதியது. எந்தக் கட்சி என்பது எனக்கு இங்கே பொருட்டில்லை. எரிவாயு மானியத்துக்காகவும் ரேஷன் அரிசிக்குப் பதிலான பணத்துக்காகவும் கொடுத்த எண்ணுக்கு, எந்தத் தொகுதியில் வாக்களிக்கிறோம் என்பதை அறிந்த ஒருவரிடமிருந்து செய்தி வருகிறது என்றால், மறைப்பதற்கு எதுவும் இல்லாதவரும் அது எப்படி நடந்தது என்று கேட்க வேண்டும்.

இனி ஆசிரியை அவர்களின் கேள்விகளுக்கு வருகிறேன்.

தனிமையுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அந்த வழக்கைத் தொடுத்தவர் கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி. அடுத்த ஆண்டு செப்டம்பர் 26 அன்று வந்த ஆதார் தீர்ப்பு, அரசின் மானியங்களுக்கும் பான் எண்ணுக்கும் ஆதாரைக் கேட்கலாம் என்றும், சிம் அட்டைக்கும் வங்கிக் கணக்குக்கும் அதைக் கட்டாயமாக்க முடியாது என்றும், பள்ளிச் சேர்க்கைக்கு அது நிபந்தனையாகாது என்றும் கூறியது. 2019இல் செய்யப்பட்ட சட்டத்திருத்தம், வாடிக்கையாளர் விரும்பினால் மட்டும் வங்கியும் தொலைபேசி நிறுவனமும் ஆதாரைப் பயன்படுத்தலாம் என்று அனுமதித்தது. ஸ்கேன் மையம் இவற்றில் எதிலும் வராது. அரசின் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ் சிகிச்சை பெறாதபோது, ஆதார் இல்லாமல் பதிவு செய்ய இயலாது என்று சொல்ல அந்த மையத்துக்கு எந்தச் சட்டமும் அதிகாரம் தரவில்லை. வேறு அடையாள அட்டையைக் காட்டலாம்.

தொலைபேசி எண்ணைப் பொறுத்தவரை, எண் கொடுத்தால்தான் பில் போடுவோம் என்று கடைகள் வற்புறுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதத்திலேயே அறிவுறுத்தியுள்ளது. துணிக்கடையிலும் மருந்துக் கடையிலும் "எண் வேண்டாம், பில் மட்டும் கொடுங்கள்" என்று சொல்வதற்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு.

கொடுத்ததைத் திரும்பப் பெறுவது குறித்துத்தான் பலருக்கும் குழப்பம் இருக்கிறது. 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஆகஸ்ட் 11 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின. ஒப்புதல் பெறுவது, தரவை அழிப்பது, கசிவு ஏற்பட்டால் உரியவருக்கும் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கும் தெரிவிப்பது ஆகிய முக்கியக் கடமைகள் விதிகள் வெளியானதிலிருந்து 18 மாதங்கள் கழித்தே நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும். அதாவது 2027 மே வரை காத்திருக்க வேண்டும். அதன் பிறகு, எதற்காகக் கேட்கிறீர்கள் என்ற அறிவிப்பைத் தமிழிலேயே தரும்படி நீங்கள் கோரலாம். கொடுத்த ஒப்புதலை, கொடுத்தபோது இருந்த அதே எளிமையோடு திரும்பப் பெறலாம். நோக்கம் முடிந்த தரவை அழிக்கச் சொல்லலாம். பாதுகாக்கத் தவறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு.

இந்தச் சட்டத்தில் எனக்கு மூன்று வருத்தங்கள் உள்ளன. அந்த அபராதம் முழுவதும் அரசின் தொகுப்பு நிதிக்குச் செல்கிறது. பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு தர இந்தச் சட்டத்தில் வழி இல்லை. இரண்டாவதாக, நாட்டின் இறையாண்மை, பொது ஒழுங்கு போன்ற காரணங்களைக் கூறி எந்த அரசு அமைப்புக்கும் மத்திய அரசு விலக்கு அளிக்கலாம். விலக்குப் பெறாத அரசுத் துறையிடம்கூட, தரவை அழிக்கும்படி கோரும் உரிமை நமக்கு இல்லை என்று 17ஆம் பிரிவு கூறுகிறது. மூன்றாவதாக, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் தனிநபர் தகவலைப் பொதுநலன் கருதி வெளியிட இடம்தந்த பிரிவை இது சுருக்கிவிட்டது. குடிமக்களின் விவரம் அரசுக்கு மேலும் தெளிவாகத் தெரிய, அரசு அலுவலரின் செயல் குடிமக்களுக்கு மேலும் மங்கலாகத் தெரியும் நிலை இதனால் உண்டாகிறது.

அரசு கேட்கும்போது மறுக்க இடம் உண்டா என்று கேட்டீர்கள். நேர்மையாகச் சொன்னால், ரேஷன் தேவைப்படும் குடும்பத்துக்கு அந்த இடம் இல்லை. 2015 செப்டம்பரில் புதுச்சேரியில் ரேஷன் அரிசிக்குப் பதிலாக வங்கிக் கணக்கில் பணம் போடும் முறை தொடங்கியபோது, வேண்டாம் என்று எந்த ஏழைக் குடும்பம் சொல்லியிருக்க முடியும்? எனவே அரசைக் கட்டுப்படுத்தும் வேலையைத் தனிமனிதரின் மறுப்பின் மீது சுமத்துவது நியாயமில்லை. அதைச் சட்டமும் நீதிமன்றமுமே செய்ய வேண்டும். அப்படிச் செய்வதும் உண்டு. ஒரு குற்றத்தைக் கண்டுபிடிப்பதற்காக என்று மட்டும் சொல்லித் தொலைபேசியை ஒட்டுக்கேட்க முடியாது, பொது நெருக்கடியோ பொதுப் பாதுகாப்போ காரணமாக இருக்க வேண்டும் என்று 2025 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் ஓர் ஒட்டுக்கேட்பு ஆணையை ரத்து செய்தது.

தங்கள் தாயாரின் விவகாரத்தில் 2027 வரை காத்திருக்கத் தேவையில்லை. நுகர்வோர் நம்பிக்கையின் பேரில் கொடுத்த தனிப்பட்ட தகவலை, சட்டம் அனுமதிக்காத முறையில் பிறருக்கு வெளிப்படுத்துவது முறையற்ற வணிக நடைமுறை என்று 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2(47) பிரிவில் ஏற்கெனவே கூறுகிறது. நோயாளியின் இரகசியத்தை வெளியிடக் கூடாது என்று மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டின் நடத்தை விதிகளும் கூறுகின்றன. முதலில் அந்த மையத்துக்குப் பதிவுத் தபாலில் கடிதம் எழுதுங்கள். எந்தத் தேதியில் ஸ்கேன் எடுத்தீர்கள், எந்தெந்த எண்ணிலிருந்து எப்போது அழைப்பு வந்தது, அழைத்தவர் எவற்றைச் சொன்னார் என்பவற்றைக் குறிப்பிட்டு, தகவல் யார் யாருக்குக் கொடுக்கப்பட்டது என்று கேளுங்கள். பதில் வராவிட்டாலும் மழுப்பலாக வந்தாலும், கடலூரிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்தில் வழக்குத் தொடுக்க இப்போது சட்டம் இடம் தருகிறது. நீங்கள் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருப்பதால் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. அழைப்புப் பதிவுகளின் படங்களை இன்றே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தொலைபேசியில் அவை நெடுநாள் நிற்பதில்லை.


மஞ்சக்குப்பம் ஆசிரியை

வழக்கறிஞர் ஐயாவுக்கும் மற்ற அனைவருக்கும் மிக்க நன்றி. அழைப்புப் பதிவுகளை எடுத்து வைத்துவிட்டேன். கடிதத்தை இந்த வாரமே அனுப்புகிறேன். இன்னொன்றும் கேட்க வேண்டியுள்ளது. எங்கள் பள்ளியில் படிக்கும் ஒரு மாணவியின் தந்தை தொலைபேசிச் செயலி ஒன்றில் சிறு தொகை கடன் வாங்கினார். தவணை தவறியவுடன் அவருடைய உறவினர்களுக்கும், அவருடைய தொலைபேசியில் எண் இருந்த காரணத்தால் ஆசிரியர்களான எங்களுக்கும் இழிவான செய்திகள் வந்தன. நாங்கள் அந்தச் செயலிக்கு எதையும் கொடுக்கவில்லையே, அப்படியிருக்க எங்கள் எண்கள் அவர்களிடம் எப்படிச் சென்றன?


பதில்: லாஸ்பேட்டை மென்பொருளாளர்

உங்கள் எண்களைக் கொடுத்தது அவருடைய தொலைபேசிதான். செயலியை நிறுவும்போது "தொடர்புகளை அணுக அனுமதி" என்று ஒரு கேள்வி வரும். அதற்குச் சரி என்று அழுத்திய நொடியில், அவர் வாழ்நாளில் சேமித்த எல்லோருடைய பெயரும் எண்ணும் செயலியை நடத்துபவரிடம் போய்விடும். இந்தப் பொருளில் நான் மிகவும் முக்கியமாகக் கருதுவது இதைத்தான். தொடர்புப் பட்டியலில் இருப்பது நம் தகவல் மட்டும் அன்று, நம்மை நம்பி எண்ணைக் கொடுத்த மற்றவர்களின் தகவல் அது. அதைக் கொடுக்கும் உரிமை நமக்கு இருப்பதாக நான் நினைக்கவில்லை. அழைப்பவரின் பெயரைக் காட்டும் செயலிகளுக்கும், விளையாட்டுகளுக்கும், மின்விளக்குச் செயலிக்கும்கூட நாம் அதைத் தாராளமாகக் கொடுத்துவிடுகிறோம்.

கடன் செயலிகள் தொடர்புப் பட்டியல், அழைப்புப் பதிவு, படங்கள், கோப்புகள் ஆகியவற்றைத் தொடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரிலேயே வழிகாட்டுதல் வெளியிட்டது. அடையாளச் சரிபார்ப்புக்காகக் கேமரா, மைக், இருப்பிடம் ஆகியவற்றை ஒரே ஒரு முறை, ஒப்புதலோடு பயன்படுத்தலாம், அவ்வளவுதான். இதை மீறும் செயலி பெரும்பாலும் ரிசர்வ் வங்கியின் அனுமதி பெற்ற எந்த நிறுவனத்தையும் சார்ந்ததாக இருக்காது. மிரட்டல் செய்திகளைப் படம் எடுத்து வைத்து, 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் செய்யச் சொல்லுங்கள். அந்தச் செயலியை நீக்குவதற்கு முன்பு அதன் பெயரும் கடன் விவரமும் தெரியும் பக்கங்களைப் படம் எடுத்துக்கொள்வது அவசியம். நீக்கிவிட்டால் சான்றும் போய்விடும்.

பொதுவாகத் தொலைபேசியில் செய்ய வேண்டியவை சிலவே. அமைப்புகளில் "அனுமதி மேலாளர்" என்ற பகுதியைத் திறந்து, தொடர்புகள், இருப்பிடம், மைக் ஆகிய மூன்றும் எந்தெந்தச் செயலிகளிடம் உள்ளன என்று பாருங்கள்; தேவையற்றதைப் பறித்துவிடுங்கள். அந்த அனுமதி இல்லாமல் ஒரு செயலி உண்மையாகவே இயங்காமல் நின்றால் அது மறுபடியும் கேட்கும், அப்போது முடிவு செய்துகொள்ளலாம். ஆண்ட்ராய்டில் கூகுள் அமைப்புகளின் விளம்பரப் பகுதியில் விளம்பர அடையாள எண்ணை அழித்துவிடலாம். வாட்ஸ்அப் உரையாடல்கள் இடையில் எவரும் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்யப்படுகின்றன, ஆனால் கூகுள் கணக்கில் சேமிக்கப்படும் காப்புப் பிரதிக்கு அந்தப் பாதுகாப்பை நாமே தனியாக இயக்க வேண்டும். 2021 முதல் இருக்கும் இந்த வசதியைப் பெரும்பாலோர் தொட்டதே இல்லை. கடைகளுக்கும் இணைய வணிகத்துக்கும் கொடுப்பதற்கென்று தனியாக ஒரு சிம் வைத்துக்கொண்டு, வங்கிக்கும் ஆதாருக்கும் இணைத்த எண்ணை வெளியில் எங்கும் கொடுக்காமல் இருப்பது நான் பின்பற்றும் வழி. கூடுதல் செலவு ஆகிறது என்பது உண்மை, ஆனால் ஓடிபி வரும் எண் எவருக்கும் தெரியாமல் இருக்கிறது.


தேவனாம்பட்டினம் மீனவர்

இங்கே படித்தவற்றால் எனக்கு ஒரு கேள்வி எழுகிறது. ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கும் முன், நிவாரணத்துக்காக எங்கள் ஊரில் எல்லாக் குடும்பங்களின் ஆதார், வங்கிப் புத்தகம், குடும்ப அட்டை நகல்களையும் ஊர் சார்பில் சேகரித்து, சரிபார்த்து, துறையிடம் கொடுப்பது வழக்கம். இளைஞர்கள் அதைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவிலும் போடுகிறார்கள். இதையும் நீங்கள் சொல்லும் கணக்கில் சேர்க்க வேண்டுமா? எல்லோரும் சொந்தக்காரர்கள்தான், யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்வதில்லை.


பதில்: திருப்பாதிரிப்புலியூர் இ-சேவை

அண்ணா, சேர்க்கத்தான் வேண்டும். உங்கள் ஊர் இளைஞர்கள் நல்ல எண்ணத்தோடு செய்வதை நான் அறிவேன். அந்தப் பட்டியலைத் தட்டச்சு செய்ய என் கடைக்கே பலர் வந்திருக்கிறார்கள். ஆனால் அந்த வாட்ஸ்அப் குழுவில் இருப்பவர்கள் அத்தனை பேரின் தொலைபேசியிலும் உங்கள் ஊர்க் குடும்பங்களின் வங்கிக் கணக்கு எண்ணும் ஆதார் எண்ணும் ஒன்றாக உட்கார்ந்திருக்கின்றன. அவற்றில் ஒரு தொலைபேசி தொலைந்தாலும் ஊர் முழுவதும் பாதிக்கப்படும். நிவாரணம் வரும் நாள்களில் "உங்கள் பணம் நிறுத்தப்பட்டுள்ளது, ஓடிபி சொல்லுங்கள்" என்று அழைப்பவர்களுக்கு, பெயரும் கணக்கின் இலக்கங்களும் தெரிந்திருந்தால் நம் தாய்மார்கள் நம்பிவிடுவார்கள்.

குழுவில் படம் போடுவதை உடனே நிறுத்துங்கள். ஏற்கெனவே போட்டவற்றை, போட்டவர்களைக் கொண்டு அழிக்கச் சொல்லுங்கள். நெடுநாளாகிவிட்ட செய்திகளை எல்லோருக்குமாக அழிக்க முடியாது என்பதால், ஒவ்வொருவரும் தங்கள் தொலைபேசியில் தனியாக நீக்க வேண்டியிருக்கும். யாருடையது வந்தது, யாருடையது வரவில்லை என்று குழுவில் தெரிவிக்கப் பெயரும் ஆதாரின் கடைசி நான்கு இலக்கங்களும் போதும். நகல்களை ஊர்ப் பொறுப்பாளர் ஒருவர் மட்டும் வாங்கிப் பூட்டிய பெட்டியில் வைத்து, துறை அலுவலகத்தில் ஒப்படைக்கும்போது எத்தனை தாள்கள் கொடுத்தோம் என்று ஒப்புகை வாங்கிக்கொள்ளட்டும். மிஞ்சிய நகல்களை உரியவர்களிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பட்டியலைத் தட்டச்சு செய்ய என்னிடம் வந்தால், கோப்பைப் பென்டிரைவில் உங்களிடம் கொடுத்துவிட்டு, என் கணினியில் இருப்பதை உங்கள் கண் முன்னால் அழித்துவிடுகிறேன். வரும்போது ஊர்ப் பொறுப்பாளரையும் உடன் அழைத்து வாருங்கள்.